கடல் யாருக்குத் தனிமை?

கம்பத்தில், மூன்று பக்கமும் மலை சூழ உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு தகுதியும் கிடையாது. ஆனால் நான் எழுத வந்தது கடலைப் பற்றியல்ல. சாகசமாகக் கடலேறுபவர்களின் மனம் குறித்து உலவும் சொல்லாடலைப் பற்றி.

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் புறப்பட்ட கடற்படை அதிகாரிகள் தில்னாவும் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று திரும்பினார்கள். எட்டு மாதம், இரண்டே பேர். பெரிய சாதனைதான். ஆனால் அதை 'மன உறுதி' என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடும்போது அவர்களுக்குப் பின்னால் இருந்த பல ஆண்டுப் பயிற்சி, மாதச் சம்பளம், கரையில் காத்திருந்த நிறுவனம் எல்லாம் காணாமல் போகின்றன. மனம் தனிமனிதத் தலைக்குள் மட்டும் இருப்பதாக ஆகிவிடுகிறது.

டொனால்ட் குரோஹர்ஸ்ட் விஷயத்தில் நடந்ததும் இதுவே. 1968இல் தன்னந்தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் போட்டியில் இறங்கிய ஆங்கிலேயர். படகு ஒழுகியது. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்க்கணக்கு அனுப்பினார். 1969 ஜூலையில் ஆளில்லாத படகும் சித்தம் கலங்கிய குறிப்பேடுகளும் கிடைத்தன. தனிமை பைத்தியமாக்கிவிட்டது என்பது நமக்குப் பழகிய வாசிப்பு. பாதியில் விட்டால் படகின் விலை அவர் தலையில் விழும் என்ற ஒப்பந்தமும் வீட்டின் அடமானமும் இந்த வாசிப்பில் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. அதே போட்டியை 313 நாளில் முடித்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் சோதித்த மனநல மருத்துவர் ஒரு மாற்றமும் காணவில்லை. கடல் இருவருக்கும் ஒன்றுதானே!

திராட்சை போட்டு நொடித்துப்போன என் பெரியப்பாவிடம் குரோஹர்ஸ்ட் கதையைச் சொன்னேன். "அந்தாளு கடலுக்கா பயந்தான்? வீட்டுக்கு வர்றதுக்குல்லப்பா பயந்திருக்கான்" என்றார். எந்த உளவியல் நூலும் எனக்கு இவ்வளவு சட்டென்று விளக்கியதில்லை.

குமரி மாவட்டம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் சுறா பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிறார்கள். அதற்குச் சாகசம் என்று பெயரில்லை, பொழப்பு. போகுமுன் ஒருமுறை, வந்தபின் ஒருமுறை என்று அவர்கள் மனதை யார் சோதிக்கிறார்கள்? 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்துப் பல வீடுகளில் ஆம்பளைகள் திரும்பவில்லை. பிறகும் அதே துறைகளிலிருந்து படகுகள் போகத்தான் செய்தன. டீசலுக்கு வாங்கிய கடன் கரையில் நின்றது.