மசில் கார் மறுவாழ்வு: நான்கு பாணிகள், ஓர் அளவுகோல்

அமெரிக்க மசில் கார் ஒரு விதிமீறலில் பிறந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது 5.4 லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதன் பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் அவர் குழுவினரும் 389 கன அங்குல வி8 எஞ்சினை, டெம்பஸ்ட் லெமான்ஸ் காருக்கான கூடுதல் வசதி என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 1964 மாடல் ஜிடிஓ அப்படித்தான் தெருவுக்கு வந்தது. கமேரோ, சார்ஜர், ரோட் ரன்னர் என்று வரிசை நீண்டது. 1970இல் செவல் எஸ்எஸ் காரின் 454 எல்எஸ்6 எஞ்சினுக்கு 450 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ் பிரீமியமும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

எஞ்சியவை கார்கள். அவற்றை என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்கப் பட்டறைகள் நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

அசல் மீட்பு

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் கார் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவது முதல் பாணி. 1974இல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்பாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இதற்கு நடுவர் முறையையே வகுத்தன. இங்கே முதற்கேள்வி, எஞ்சின் அந்தக் காரோடு பிறந்ததா என்பது. செவ்ரோலே ஸ்மால் பிளாக் எஞ்சினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், விரலகலத்தில் ஒரு சமதளம் இருக்கும். எஞ்சின் குறியீடும் காரின் வரிசை எண்ணின் பகுதியும் அதில் குத்தப்பட்டிருக்கும். நடுவர் எண்ணை மட்டும் படிப்பதில்லை. டார்ச் அடித்து, அந்த இரும்பில் ஆலை இயந்திரம் விட்டுப்போன மெல்லிய இணைகோடுகளைத் தேடுவார். கோடுகள் இல்லையென்றால் யாரோ தேய்த்துவிட்டு வேறு எண்ணைக் குத்தியிருக்கலாம் என்ற ஐயம் எழும்.

தொடாமல் காத்தல்

இரண்டாவது பாணி, ஸ்பானரைக் கீழே வைக்கச் சொல்கிறது. காரை ஒருமுறைதான் அசலாக வைத்திருக்க முடியும் என்பது இவர்கள் கொள்கை. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய 1968 மஸ்டாங் இதற்குப் பெரிய சான்று. ஒரு குடும்பத்தின் வீட்டு வண்டியாகவே அது சில ஆண்டுகள் ஓடியது. 2020 ஜனவரி ஏலத்தில், கட்டணம் உட்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனபோதும் அதன் துருவையும் மங்கிய பெயிண்டையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

ப்ரோ ஸ்ட்ரீட்

1980களில் கொடிகட்டிப் பறந்த மூன்றாவது பாணி டிராக் பந்தயத் திடலிலிருந்து வந்தது. பின்பக்கத் தரையை வெட்டி ராட்சத டயர்களை உள்ளே தள்ளுவார்கள். பானெட்டைத் துளைத்துக்கொண்டு 6-71 சூப்பர்சார்ஜர் நிற்கும். அது டெட்ராய்ட் டீசலின் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட ஊதி; 71 என்பது ஒரு சிலிண்டரின் கன அங்குலக் கொள்ளளவு. பார்ப்பதற்குப் பிரமாதம். ஆனால் இந்தக் கார்களில் பல, டிரெய்லரிலேயே வந்து டிரெய்லரிலேயே போயின.

ப்ரோ டூரிங்

நான்காவது பாணி அதற்கு மறுப்பாக எழுந்தது. அதற்கு முன்னோட்டமாக, 'பிக் ரெட்' என்ற 1969 கமேரோ, நெவாடாவின் 318ஆம் எண் சாலையில் நடக்கும் சுமார் 90 மைல் பந்தயத்தில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல் சராசரி வேகம் காட்டியது. 1990களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் மார்க் ஸ்டீலோ, வரிசையாக 1969 கமேரோக்களைக் கட்டி, பழைய கார் வளையவும் நிற்கவும் நெடுந்தூரம் ஓடவும் முடியும் என்று காட்டினார். 1997 கார்வெட்டோடு வந்த அலுமினிய எல்எஸ் எஞ்சின் இந்தப் பாணியைப் பரவலாக்கியது. அதன் வழிவந்த 6.2 லிட்டர் எல்எஸ்3 தரும் 430 குதிரைத்திறன், ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாம் பூட்டி அளந்தது. 1972க்கு முந்தைய எண்கள் எஞ்சினைத் தனியே ஸ்டாண்டில் ஏற்றி அளந்தவை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

எது தரம்?

இந்த நான்காவது பாணிமேல்தான் எனக்குப் பற்று அதிகம். அதனாலேயே அதற்குக் கறாரான அளவுகோல் வேண்டும் என்கிறேன்.

முதலாவது, எந்தக் காரை வெட்டுகிறோம் என்பது. 1969இல் 2,43,085 கமேரோக்கள் செய்யப்பட்டன. பெரும்பாலானவை சாதாரண எஞ்சின் பூட்டியவை. அந்த எஞ்சினையும் தொலைத்துவிட்டு நிற்பவை இன்று நிறைய. வெட்டி ஒட்ட அவையே போதும். அதே ஆண்டின் அலுமினிய 427 எஞ்சின் கொண்ட இசட்எல்1 கமேரோக்கள் 69 மட்டுமே. அவற்றில் ஒன்றை வெட்டுவது குற்றம்.

இரண்டாவது, சேர்மானம். எல்எஸ் எஞ்சினை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. பழைய கார்புரேட்டருக்கு ஆறேழு பிஎஸ்ஐ எரிபொருள் அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்கு 58 வேண்டும். எனவே டேங்க், பம்ப், லைன் மூன்றும் மாற வேண்டும். ஆறு கியர் டி-56 பெட்டிக்குத் தரையின் நடுச்சுரங்கத்தை வெட்டி உயர்த்த வேண்டும். கூடிய வேகத்தை டிரம் பிரேக் தாங்காது, டிஸ்க் வேண்டும். பின்னால் பட்டை ஸ்பிரிங் அப்படியே இருந்தால் கூடுதல் விசையில் முறுக்கிக்கொண்டு குதிக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்ட கார் ஆபத்தானது.

மூன்றாவது, முகம். 1969 கமேரோவின் சக்கர வளைவிலிருந்து பின்னோக்கி ஓடும் மடிப்புக்கோடு அந்தக் காரின் கையெழுத்து. பட்டி பூசி அதை மழுங்கடித்தாலும், 22 அங்குல வீலைத் திணித்து உடலின் விகிதத்தைக் கெடுத்தாலும் மிஞ்சுவது வேறு ஏதோ ஒரு கார். விஸ்கான்சினின் ரிங்பிரதர்ஸ் பட்டறை உடலையே அகலப்படுத்தும். ஆனாலும் பார்த்தவுடன் இன்ன கார் என்று தெரியும். மாற்றம் செய்யத் தெரிந்தவர்களின் அடையாளம் அது.

நான்காவது, ஓட்டம். ஆப்டிமா நிறுவனம் நடத்தும் தெருக்கார் போட்டியில் வடிவமைப்புக்கு மதிப்பெண் உண்டு. அதோடு கூம்புகளுக்கிடையே வளைந்தோட வேண்டும், வேகமெடுத்து நிற்க வேண்டும், பந்தயத் தடத்தில் நேரம் காட்ட வேண்டும், பொதுச்சாலையிலும் போய்த் திரும்ப வேண்டும். கண்ணாடிபோல் பளபளக்கும் பெயிண்டுக்குக் கோப்பை தரும் கண்காட்சிகளைவிட இந்த முறையே நேர்மையானது.

இப்படியொரு காரைக் கட்டும் ஆசை உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் எஞ்சின் எண்ணைப் படியுங்கள். அசல் என்றால் கத்தியை எடுக்காதீர்கள். அசல் இல்லையென்றால் துணிந்து இறங்குங்கள். ஆனால் பணத்தைப் பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் கூலிங்கிலும் முதலில் போடுங்கள், எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள். கட்டி முடித்ததும் ஓட்டுங்கள். ஓடாத மசில் காருக்கு எந்தப் பாணியிலும் முதல் மதிப்பெண் கிடையாது.