பிடித்தால் நிற்கும், உதிர்த்தால் உதிரும்

பொதட்டூர்பேட்டையில் பகல் முழுக்கத் தறிச் சத்தம். பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவு ஊர் இது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்குள் வந்த பகுதி. தமிழும் தெலுங்கும் இங்கே ஒரே வாயில் புழங்கும். தறியை நிறுத்திவிட்டு டீக்கடைக்கு வருகிறவரின் கண் முதலில் போவது கண்ணாடி பாட்டில்களின் மேல்தான். மேலே விரிசல் விட்டு, வெளிர்மஞ்சளாக, தொட்டாலே பொடி உதிரும் உருண்டை பிஸ்கட் அதில் ஒன்று.

அதற்கு வெண்ணெய் பிஸ்கட் என்று பெயர். வெண்ணெய் விலைக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் பல அடுமனைகளில் விழுவது வனஸ்பதிதான். 1937-இல் டால்டா வந்த நாளிலிருந்து நடக்கும் கதை இது. முட்டையும் கிடையாது. ஆக, பால்பொடி மட்டும் சேராமல் இருந்துவிட்டால், அந்த பிஸ்கட் தனக்கே தெரியாமல் நனிசைவப் பண்டம்! பாலும் நெய்யும் தேனும்கூட விலக்கிய உணவுமுறைக்கு நனிசைவம் என்று தமிழில் ஒரு நல்ல சொல் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் ‘வீகன்’ என்ற சொல்லே 1944-இல்தான் பிறந்தது. ‘வெஜிடேரியன்’ என்பதன் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டையும் ஒட்டி அதை உருவாக்கியவர்கள் இங்கிலாந்தின் டொனால்டு வாட்சனும் அவர் தோழர்களும்.

இந்த உருண்டை பிஸ்கட்டின் மூதாதை நான்கட்டாய். சூரத் நகரில் டச்சுக்காரர்கள் நடத்திய அடுமனை, அவர்கள் கிளம்பியபோது பராம்ஜி பெஸ்தன்ஜி தோத்திவாலா என்ற பார்சிக்காரரின் கைக்கு வந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அன்றைய மாவு பொங்கியது கள்ளால், முட்டையும் உண்டு. உள்ளூர்க்காரர் பலருக்கு இரண்டுமே ஆகாது. கள் போயிற்று, முட்டை போயிற்று. மிஞ்சிய மாவு, சர்க்கரை, நெய் மூன்றிலும் நான்கட்டாய் நிலைபெற்று நாடெங்கும் நடந்தது. எடுக்க எடுக்க நன்றாக வந்த பண்டம் என்று அதைச் சொல்லலாம். அதிலிருந்து இப்போது நெய்யையும் எடுக்கப் பார்க்கிறது வீட்டு அடுக்களை. வனஸ்பதி பக்கம் போகவும் மனமில்லை. எண்ணெயில் பாதியளவு ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. 2022 முதல் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே கட்டுப்படுத்திவிட்டது. மீதி இருப்பது எண்ணெய். கைத்திறன் தொடங்கும் இடமும் அதுதான்.

வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம்தான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர், கொஞ்சம் பால் சத்து. எண்ணெயோ முழுக்கக் கொழுப்பு. 75 கிராம் வெண்ணெய் கேட்கும் மாவுக்கு 60 கிராம் எண்ணெய் போதும். இந்தக் கணக்கு தெரியாமல் சரிக்குச் சரி ஊற்றியவர்களின் பிஸ்கட்தான் தட்டில் வழிந்து, தோசைபோலப் படர்ந்து கிடக்கும். இன்னொன்றும் உண்டு. கெட்டியான கொழுப்பைச் சர்க்கரையோடு தேய்க்கும்போது காற்று நுண்குமிழிகளாக உள்ளே சிக்கிக்கொள்ளும். பிஸ்கட்டின் மென்மைக்கு அந்தக் காற்று வேண்டும். ஓடும் எண்ணெயில் காற்று நிற்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகிவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் தானே உறைந்து நிற்கும் எண்ணெய், சித்திரையில் திருவள்ளூர் மாவட்ட வெயிலுக்குத் தண்ணீராக ஓடும். அதை ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்த நெய்ப் பதத்துக்கு வந்ததும் எடுத்து, பொடித்த சர்க்கரையோடு விரலால் தேய்த்து வெளுக்கவிடுவதே வழி. இந்த ஐந்து நிமிடத்தில் அவசரப்படுகிறவருக்குப் பிஸ்கட் கைகூடாது.

மாவு எளிது. கோதுமை மாவு 100 கிராம், கடலை மாவு 25, பொடித்த நாட்டுச் சர்க்கரை 60, எண்ணெய் 60, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காய், கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர். ஆப்ப சோடா மட்டும் போட்டால் அதைக் கிளப்பிவிட ஒரு புளிப்பு வேண்டும். தயிர் செய்த வேலையை இங்கே சில சொட்டு எலுமிச்சைச் சாறு செய்துவிடும். கடலை மாவைச் சற்று வறுத்துச் சேர்த்தால் நெய் இல்லாத குறையை அந்த வாசனையே பாதி தீர்த்துவிடும். கேழ்வரகு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் கால் பங்கோடு நிற்பது நல்லது. கேழ்வரகில் பசைப் புரதம் இல்லை. முழுக்க அதையே போட்டால் வாயில் மணல் நெறிபடும்.

பிறகு பதம். இங்கே தமிழ் வீட்டுக் கைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புட்டு மாவு தெரிந்தவருக்கு இந்த மாவும் தெரியும்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசையவே கூடாது. கோதுமையின் புரதம் தண்ணீர் பட்டு, பிசையும் கையும் பட்டால் ரப்பராக இழுக்கும். எண்ணெய் ஒவ்வொரு துகளையும் போர்த்திவிட்டால் அந்த இழுவை உண்டாகாது. வாயில் போட்டதும் கரைவதன் சூட்சுமம் அதுவே. மாவு சேராமல் அடம்பிடித்தால் ஒரு ஸ்பூன் கெட்டித் தேங்காய்ப்பால், அதற்கு மேல் வேண்டாம். உருட்டி, லேசாக அழுத்தி, நடுவில் அரை வேர்க்கடலையைப் பதித்து, அரைமணி நேரம் குளிரவிட வேண்டும்.

ஓவன் இல்லாத வீடு என்றால் குக்கர் இருக்கிறது. அடியில் ஒரு படி கல்லுப்பு அல்லது மணல், மேலே ஒரு ஸ்டாண்டு. கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு மூடி, பத்து நிமிடம் சூடேற்றிப் பிறகு தட்டை இறக்கினால், மெல்லிய தீயில் 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். குக்கரில் சூடு கீழிருந்தே வரும் என்பதால் மேல்பக்கம் சிவக்கக் காத்திருந்தால் அடி கருகிப்போகும். பால் சத்தின் சிவப்பும் இதில் கிடையாது. நாட்டுச் சர்க்கரை தரும் மாநிறம்தான் இதன் நிறம். ஓரத்தைப் பார்க்க வேண்டும், ஒன்றைத் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். எடுத்த சூட்டில் பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளுவதுதான் புதிதாகச் செய்கிறவர் எல்லோரும் செய்யும் தவறு. ஆற ஆறத்தான் அது இறுகும்.

எந்த எண்ணெய் என்பதில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். தேங்காய் எண்ணெய் பிஸ்கட் மென்மையில் மேல். வாசனையில் செக்குக் கடலை எண்ணெயை அடிக்க ஆளில்லை. வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில், வறுத்த கடலையின் மணம் மாவுக்குள்ளிருந்தே எழும்பி வரும்போது, பிஸ்கட் கொஞ்சம் தட்டையாக வந்தால்தான் என்ன? வெண்ணெய் எசன்ஸ் சொட்டுவிட்டு அதை இன்னொன்றாக நடிக்கவைப்பதுதான் பாவம். கடலை உருண்டையும் பொரிவிளங்காயும் பால் இல்லாததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

கடையில் வாங்கித் தின்கிறவர்கள் பொட்டலத்தின் பின்பக்கம் ‘பால் திடப்பொருள்’ என்று இருக்கிறதா என்று தேட வேண்டும். நனிசைவப் பண்டங்களுக்கென்று பச்சை நிற ‘வி’ எழுத்து முத்திரையும் இப்போது உண்டு. வீட்டுப் பிஸ்கட்டுக்கு அந்தப் படிப்பு தேவையில்லை. நாட்டுச் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், நன்றாக ஆறியதும் இறுக்கமான டப்பாவில் போட்டுவிட்டால் போதும்.

டீயில் தோய்க்கும்போதும் ஒரு எச்சரிக்கை. இழுவை இல்லாத பிஸ்கட் இரண்டு நொடிக்கு மேல் தாங்காது, டம்ளரின் அடியில் கூழாகிவிடும். பால் டீயைவிடக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பிதான் இதற்குப் பொருத்தம். சுக்கின் காரம் நாக்கில் ஏறும்போது ஒரு கடி, பிறகு ஒரு மிடறு. கடைசியில் உள்ளங்கையில் மிஞ்சிய பொடியையும் வாயில் கொட்டிக்கொண்டு, கையைத் தட்டிவிட்டுத் தறிக்குத் திரும்பலாம்.