சவலை நாற்று

வளராமல் நிற்கும் நாற்றைச் சவலை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. தம்பியோ தங்கையோ பிறந்ததும் தாய்ப்பால் நின்றுபோய், ஏங்கி மெலிந்த பிள்ளைக்குச் சொல்கிற அதே சொல்தான். விதைத்து 35 நாளாகியும் நான்கு இலையோடு நிற்கிற மிளகாய் நாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

சவலையைக் கண்டதும் பஞ்சகவ்யம், மீன் அமிலம் என்று கையில் கிடைத்ததை ஊற்றிவிடுகிறோம். நானும் ஊற்றியவன்தான். ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு மாமி நாற்றைப் பார்க்கிற விதத்தை நேரில் கண்ட பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது.

திருச்சி கே.கே. நகர் மாடியிலிருந்து இரண்டு கப் மிளகாய் நாற்றை மடியில் வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டிப் போயிருந்தேன். மாமி முதலில் இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். அங்கே ஊதா ஓடியிருந்தால் மணிச்சத்துக் குறை. பிறகு தண்டை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, கப்பைக் கவிழ்த்து, அடியில் செல்லமாக ஒரு தட்டு. மண் உடையாமல் கட்டியாக உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. என்ன நேர்த்தி! நான் தட்டினால் பாதி வேர் கப்பிலேயே தங்கிவிடும்.

வேர் வெள்ளை நூலாக ஓடியிருக்க வேண்டும். பழுப்பாகி வழுவழுத்தால் தண்ணீர் அதிகம். கடுகு கடுகாக முடிச்சு இருந்தால் நூற்புழு. கப்பின் வடிவத்துக்கே சுற்றிச் சுருண்டிருந்தால் இடம் போதவில்லை. என் நாற்றில் இதெல்லாம் இல்லை. வேர் குட்டையாக, நுனி கருகியிருந்தது. கப்பின் விளிம்பில் படிந்திருந்த வெள்ளையை மாமி நகத்தால் சுரண்டினார்.

“என்ன ஜலம் விடறே?”

“போர் தண்ணி, மாமி.”

“உப்புப் பூத்திருக்கு பார். பழைய இலை வெளுத்தா பசி. குருத்து வெளுத்தா ஜலத்தைப் பார்.”

என் நாற்றின் குருத்து மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாதபோது இப்படித்தான் ஆகும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வண்டல் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. தெற்கே திருச்சிப் பக்கம் களர்நிலம் நிறைய. நாவலூர் குட்டப்பட்டில் 1989-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி, களர் தாங்கும் நெல் ரகங்களையே உருவாக்கித் தந்திருக்கிறது. நெல்லுக்கு ரகம் வந்தது. என் மிளகாய்க்கு யார் இருக்கிறார்கள்?

போதாக்குறைக்கு நான் கோகோபீட்டை அலசாமல் போட்டிருந்தேன். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. சரியாக மட்காதது தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்து, பாதிக்குப் பாதி மண்புழு உரம் கலந்த பிறகே விதை போட வேண்டும் என்றார். இருக்கிற நாற்றுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை அடியில் வழிந்தோடும்படி விட்டு, உப்பைக் கழுவச் சொன்னார். உரம் எதுவும் சொல்லவில்லை.

கொண்டுபோன இரண்டில் ஒன்று பிழைத்து, இப்போது காய்க்கிறது. இன்னொன்றை மாமி அப்போதே கொல்லை எருக்குழியில் போட்டுவிட்டார்.