முதலைப் பண்ணையும் கடப்பாக்கத்துக் கழியும்

கடப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மாமல்லபுரம் தாண்டி வடநெம்மேலியில் வருகிறது முதலைப் பண்ணை. பரப்பு 8.5 ஏக்கர்தான். ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் 1976இல் அதைத் தொடங்கியபோது, தோலுக்காக நடந்த வேட்டையில் நம் நாட்டு முதலை இனங்கள் மூன்றும் அருகிப் போயிருந்தன.

பண்ணையில் அவை பெருகின. அந்த வெற்றியே பிறகு பாரமானது. சதுப்பு நில முதலைகள் இடம்கொள்ளாமல் குவிந்தன; ஆறுகளில் விட அனுமதியும் இல்லை. அண்மை ஆண்டுகளில் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப முடிவெடுக்க வேண்டியதாயிற்று. சிறு காப்பகத்தில் ஓர் இனத்தைப் பெருக்கிவிடலாம், அது வாழும் ஆற்றை யார் தருவது?

பண்ணையின் ஆகப்பெரிய பாடம் முதலை அல்ல என்பேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பிழந்த இருளர் பழங்குடியினருக்காக, 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது; பண்ணை வளாகத்திலேயே அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து வந்து, துணி கட்டிய மண்பானைகளில் மூன்று வாரம்போல வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சுதான் முக்கிய ஆதாரம். இச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கண்டால் அடிக்கும் ஊரில், அது உயிர் காக்கும் என்பதைப் பிள்ளை கண்ணெதிரே பார்ப்பது சாதாரணக் கல்வியா?

குறையும் இங்கேதான். பிள்ளை காண்பது நஞ்செடுக்கும் சில நிமிடங்களை மட்டும். வளையோரத்துத் தடம், உரித்த சட்டை, எச்சம் ஆகியவற்றை வைத்துப் பாம்பை அறியும் இருளர் அறிவு முழுக்க வயல்வெளியில் இருக்கிறது. மதிலுக்குள் அதைக் காட்ட இயலாது. செயல்வழிக் கல்வி என்கிறோம், செயல் இருளர் கையோடு நின்றுவிடுகிறது. பாம்பு விஷயத்தில் அதுதான் சரி. மற்றதில் ஏன் அப்படி?

கடப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆலம்பரைக் கோட்டையடியிலேயே உப்பங்கழி கிடக்கிறது. பழவேற்காடு முதல் பிச்சாவரம் வரையுள்ள கழிகளில், இருளர் பெண்கள் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். எந்தச் சேற்றில் எந்தப் பருவத்தில் இறால் பதுங்கும், தண்ணீர் கெட்டால் முதலில் எது குறையும் என்பதெல்லாம் அவர்களுக்கு விரல்நுனியில் இருக்கிறது. இதைக் கற்க நுழைவுச்சீட்டோ மதிலோ வேண்டாம்.

ஆசிரியர்களே, ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள். இன்னொரு நாள், நீர் வற்றும் வேளை பார்த்துக் கழியில் இறக்குங்கள். பாடம் நடத்த ஓர் இருளர் அம்மாவை அழையுங்கள். அவருடைய அன்றைய கூலியைப் பள்ளி கொடுக்கட்டும்.