வேப்பெண்ணெயும் பேன்சீப்பும்: தெள்ளுப்பூச்சிக் கட்டுப்பாட்டில் இயற்கை முறைகள்

நாயின் உடலில் ஊரும் எதையும் ‘உண்ணி’ என்ற ஒரே பெயரால் சுட்டும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருப்பதால், இயற்கை முறைகளைப் பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. உண்ணி எட்டுக் கால்களுடன் தோலைக் கவ்விக்கிடப்பது. தெள்ளுப்பூச்சியோ ஆறு கால்களும் பக்கவாட்டில் தட்டையான உடலும் கொண்டு, மயிரிடையே ஓடி ஒளிந்து, தாவித் தப்புவது. பெண் பூச்சி இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 வரை இடக்கூடியது. அம்முட்டைகள் ஒட்டும் தன்மையற்றவை ஆதலால், விலங்கு படுக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சிப் பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் புகுந்து, முதிர்பூச்சிகள் கழித்த உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளர்ந்து, கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு வீட்டின் தெள்ளுப்பூச்சிகளில் விலங்கின் உடலில் இருப்பவை ஏறத்தாழ 5 விழுக்காடே என்பது ஒட்டுண்ணியியலார் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இயற்கை முறை ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கின் முன் நிறுத்தித்தான் மதிப்பிட வேண்டும்.

அவ்வாறு நிறுத்தும்போது முதலில் சோதனைக்கு உள்ளாவது வேப்பெண்ணெய். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், பூச்சி இரையெடுப்பதைத் தடுப்பதோடு, அது தோலுரித்து வளர்வதற்குத் தேவையான இயக்குநீரையும் குலைக்கிறது. அதாவது அதன் வலிமை பெரிதும் வளரும் பருவத்துப் பூச்சியின்மேல் செல்லுபடியாவது, முதிர்ந்த பூச்சியை உடனே கொல்வதன்று. ஆனால் வளரும் பருவம் தரையில் கிடக்க, எண்ணெயோ முதிர்பூச்சி மட்டுமே வாழும் நாயின் முதுகில் பூசப்படுகிறது. செறிவு அளந்து தயாரித்த வேம்புச் சாறு நாயின் உடலிலும் பூச்சியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் செக்கில் ஆட்டிய எண்ணெயில் அப்பொருளின் அளவு கொட்டைக்குக் கொட்டை மாறுவதும், வெயில் பட்டால் அது விரைவில் சிதைவதும், ஆய்வின் முடிவை வீட்டுப் புட்டிக்கு அப்படியே பொருத்தவிடாமல் தடுக்கின்றன.

மற்ற மூலிகைகளில் சிக்கல் பயனின்மையோடு நிற்பதில்லை. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்துப் பூசுவது பலரும் சொல்லும் கைவைத்தியம்; கற்பூரம் தோல் வழியாகவே உடலில் ஏறி, மிகுந்தால் வலிப்பை உண்டாக்கக்கூடியது. (இன்று கடையில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது என்பதால், அதற்கு ‘இயற்கை’ என்ற அடைமொழியும் பொருந்தாது.) பூண்டை உணவில் கலந்தால் பூச்சி அண்டாது என்பது இன்னொரு நம்பிக்கை; பூண்டின் கந்தகச் சேர்மங்கள் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைத்துச் சோகையை விளைவிக்கக்கூடியவை. சீத்தாப்பழ விதைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மேலைநாடுகளில் தெள்ளுப்பூச்சிக்கென்றே பெயர்பெற்ற பென்னிராயல் என்னும் புதினா வகையின் எண்ணெய் பூசப்பட்டு ஒரு நாய் இறந்ததை, 1992இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது.

பூனையின் நிலை இன்னும் கடினமானது. நறுமண எண்ணெய்களிலுள்ள சேர்மங்களை முறித்து வெளியேற்றும் ஈரல் நொதிகளுள் முக்கியமான ஒன்று பூனைக்கு மிகக் குறைவு. போதாததற்கு, உடலில் பூசியதையெல்லாம் அது நக்கியே தீரும். பூண்டும் வசம்பும் வேம்பும் மஞ்சளும் சேர்ந்த அரைப்பு மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில் மாட்டின் உண்ணிக்கு உரியது. முந்நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்கு ஒத்துக்கொண்டது என்ற ஒரே சான்றை வைத்து அதை மூன்று கிலோப் பூனைக்கு மாற்றுவதில் மரபும் இல்லை, அறிவியலும் இல்லை.

மணமோ மருந்துப் பெயரோ இல்லாத முறைகளே உண்மையில் வலுவானவை. பேன்சீப்பால் நாள்தோறும் வாரி, சீப்பில் சிக்கிய பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துவது அவற்றுள் எளியது; சோப்பு நீரின் பரப்பிழுவிசையைக் குறைப்பதால், மிதக்க முடியாமல் பூச்சி மூழ்குகிறது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வாக்யூம் கிளீனரால் உறிஞ்சப்பட்ட முதிர்பூச்சிகளில் 96 விழுக்காடும் இளம் பருவத்தவை அனைத்தும் இறந்தன. அது கம்பளத் தரையில் நடந்த சோதனை. சிமென்ட் தரையும் கோரைப்பாயும் உள்ள வீட்டில், உலர்ந்த துடைப்பம் முட்டையை வெடிப்புக்குள் தள்ளிவிடும் ஆதலால், ஈரத் துணியால் துடைப்பதும் விரிப்பை வெந்நீரில் அலசி மொட்டைமாடி வெயிலில் காயவைப்பதும் அதன் இடத்தை நிரப்ப வேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் புழுக்கள் உலர்ந்து சாகின்றன. சென்னை போன்ற கடற்கரை நகரங்களின் காற்று அவ்வளவு உலர்வது அரிது என்பதால், பூச்சியின் மெழுகுப் பூச்சை அரித்து உலர்த்தும் டயட்டம் மண் அங்கே எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. அதன் தூசி நுரையீரலுக்கும் ஆகாது.

வேதிமருந்தை நாடத் தயங்குவோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று: ஐசாக்சசோலின் வகை மாத்திரைகள் சில விலங்குகளில் நடுக்கமும் வலிப்பும் உண்டாக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. ஆயினும் அதே நிறுவனம் அவற்றின் விற்பனையை நிறுத்தவில்லை என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கது. சீப்பும் வெயிலும் எட்டாத இடம் ஒன்று உண்டு: கூட்டுக்குள் உறங்கும் பருவம் பல மாதம் தாக்குப்பிடித்து, காலடி அதிர்வும் உடற்சூடும் மூச்சுக்காற்றும் பட்டவுடன் வெளிவருவதால், பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்த அன்றே பூச்சி மொய்க்கிறது. வளர்ந்த நாய்க்கு இது அரிப்போடு போகலாம். பிறந்து சில வாரமே ஆன குட்டிக்கு ஈறு வெளுத்துச் சோகை கண்டபின், பொறுத்திருந்து பலன்தரும் எந்த முறைக்கும் அங்கே காலம் இல்லை.