சோழர் தூதும் சோங் அவையின் தரவரிசையும்

சோழநாட்டுத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்தின் சோங் பேரரசவைக்குச் சென்ற செய்தியைச் சீன ஆவணங்கள் தருகின்றன. அத்தூதுகளைப் பற்றிய தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் 1077ஆம் ஆண்டையே எடுத்துக்காட்டுகின்றன. அவ்வாண்டுக் குழுவில் 72 பேர் இருந்தனர்; துளையிட்ட செப்புக்காசுகள் 81,800 சரங்களை அவர்கள் பெற்றனர். இவ்வெண்கள் சோழர் பெருமைக்குச் சான்றாக வைக்கப்படுகின்றன. ஆனால், அதே சீன வரலாறு கூறும் 1106ஆம் ஆண்டு நிகழ்ச்சி உரிய கவனம் பெறவில்லை.

அவ்வாண்டில் பர்மாவின் பகான் நாட்டுத் தூதரைச் சோழத் தூதர்க்கு இணையாக வரவேற்க ஆணை பிறந்தது. சடங்குத்துறையினர் அதனை ஏற்கவில்லை. சோழநாடு ஸ்ரீவிசயத்திற்கு அடங்கியது, பகானோ பெருநாடு என்பது அவர்கள் வாதம். முதலாம் இராசேந்திரன் கடாரம் வென்று ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் வென்றவர் தோற்றவர்க்கு அடங்கியவராகவே எழுதப்பட்டனர்.

இம்முரணுக்கு விடை கடல்வழியில் உள்ளது. 1015இல் சென்ற தூதர்க்குப் பயணம் 1,150 நாட்கள் பிடித்தது. அவர்கள் அவையை அடைந்தபோது இராசராசன் உயிருடன் இல்லை. இவ்வளவு தொலைவில் இருந்த நாட்டைப் பற்றிய செய்தியை இடைவழியில் இருந்தோரே தந்தனர். ஸ்ரீவிசயம் தன் வணிக நலன் கருதிச் சோழரைத் தாழ்த்திக் கூறியது எனத் தான்சென் சென் கருதுவது இங்குப் பொருந்துகிறது. 1077இல் சோழ அரசனுக்கு உரியதாகக் குறிக்கப்பட்ட பெயர், 1079ஆம் ஆண்டுக் குவாங்சௌ கல்வெட்டில் ஸ்ரீவிசயத் தலைவனின் பெயராக வருவதும் இக்குழப்பத்தைக் காட்டும்.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் இதே நீரிணை மற்றொரு தூதையும் பாதித்தது. பழவேற்காட்டுத் துணி மலாக்காவில் விற்கப்பட்டதைப் பதிவு செய்த தோமே பிரெசு, 1517இல் போர்ச்சுகலின் தூதராகக் குவாங்சௌ சென்றார். 1511இல் போர்ச்சுகீசியரிடம் மலாக்காவை இழந்த சுல்தானின் முறையீடு மிங் அவையை எட்டியிருந்தது. வேறு காரணங்களும் சேர, தூது முறிந்து பிரெசு சிறைப்பட்டார். மலாக்கா சுல்தான் உண்மையை உரைத்தார். ஸ்ரீவிசயம் உண்மையை மறைத்தது. இரு நிகழ்விலும் அவையின் செவியை முதலில் எட்டியது இடைவழியில் இருந்தோரின் சொல்லே.

சோழர் மெய்க்கீர்த்திகள் கடார வெற்றியைப் போற்றுகின்றன. சீனத் தூதைக் கூறவில்லை. எனவே, இத்தூதுகளுக்குச் சீனப் பதிவே முதன்மைச் சான்றாகிறது. அதில் பெருமைக்குரிய எண்களை ஏற்று, தாழ்வான தரவரிசையை விடுப்பது ஆய்வுநெறி ஆகாது. 81,800 சரங்கள் சோழ வணிகத்தின் அளவைக் காட்டலாம். சோழ அரசின் மதிப்பைக் காட்டுவது 1106ஆம் ஆண்டுப் பதிவே. அம்மதிப்பும் சோழரின் உண்மை வலிமையை அன்று, சோங் அவைக்கு எட்டிய செய்தியையே காட்டுகிறது.