வயிற்றில் ஒட்டிய வாசனை

18-ஆம் நூற்றாண்டு லண்டன் மருந்துக் கடைகளில் குமட்டலுக்கென்று ஒரு பிளாஸ்திரி செய்தார்கள். ஒட்டும் இடம் மேல்வயிறு. முதற்சரக்கு, லாப்டனம் என்ற கருநிறப் பிசின். கிரீட் தீவில், வெயில் ஏறிய நேரத்தில், சிஸ்டஸ் புதர்கள்மீது தோல்வார் கட்டிய கருவியை இழுப்பார்கள். வாரில் அப்பி வருவதைச் சுரண்டிச் சேர்ப்பார்கள். அங்கே மேய்ந்த ஆடுகளின் தாடியிலிருந்தும் சீவி எடுத்ததுண்டு!

அதை இளக்கி, ஜாதிக்காயைப் பிழிந்தெடுத்த நெய்யும் இலவங்கப்பட்டைப் பொடியும் சேர்த்து, புதினா எண்ணெய் விட்டு, சூடேற்றிய கல்வத்தில் இடிப்பார்கள். மெல்லிய தோலில் தடவினால் பிளாஸ்திரி தயார். என்னைக் கவர்வது அதன் பக்குவம். மணம் பறந்துவிடும் என்பதால் தேவைப்படும்போதுதான் செய்வார்கள். அடிக்கடி உரித்து மாற்ற வேண்டும், உடம்பு புண்ணாகக் கூடாது. அதனால் பிடிப்பை வேண்டுமென்றே குறைத்து வைத்தார்கள். எவ்வளவு கரிசனமான கைவேலை!

குமட்டலை அடக்கியதில் பெரும்பங்கு அந்த மணத்துக்கும் இளஞ்சூட்டுக்கும்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பின்னாளில் குமட்டலுக்கு வந்த ஒட்டு வேறு வகை: தோல்வழியே மருந்தை இரத்தத்தில் சேர்க்கும் ஸ்கோபோலமைன் ஒட்டுக்கு அமெரிக்கா 1979-இல் அனுமதி தந்தது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் 3 நாள் வரை பயணக் குமட்டலைத் தடுக்கிறது.